வாசகர் கேள்வி பதில்: படகுல வந்தவங்களை எத்தனை வருஷம் காக்க வைக்கிறது?

போன இதழ்ல, ஆஸ்திரேலியா தன் நாட்டுக்குள்ள வச்சுக்க விரும்பாத சிலரை பசிபிக் கடல்ல இருக்குற நவுருங்கிற குட்டித் தீவு நாட்டுக்கு அனுப்ப 2025ல போட்ட ஒப்பந்தத்தைப் பத்தி சின்னதா எழுதியிருந்தேன். 30 வருஷத்துல 250 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் இதுக்கு செலவாகலாம்னு அங்க அதிகாரிங்களே சொல்லியிருக்காங்கன்னும் சொல்லியிருந்தேன். அதுக்கு, அடைக்கலம் கேட்டு படகுல ஆஸ்திரேலியா போறவங்களைப் பத்தி வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் நிறைய, பாதிப் பேர் கோபமா, பாதிப் பேர் வருத்தமா. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன், சமையல், சொத்துத் தகராறு கேள்வி எல்லாம் அடுத்த இதழ்ல.

கேள்வி (கரூர் வாசகர்): மேடம், விசா இல்லாம படகுல வர்றது சட்டவிரோதம்தானே? சட்டத்தை மீறினவனை உள்ள வைக்கிறதுல என்ன தப்பு?

இந்த ஒரே கேள்வியைத்தான் நிறைய பேர் வேற வேற வார்த்தைல கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1951ல போட்ட அகதிகள் ஒப்பந்தத்துல 31வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. உயிருக்கு ஆபத்து இருக்குற இடத்துலேருந்து நேரா ஓடி வந்தவங்க, வந்த உடனே அதிகாரிங்க முன்னாடி நின்னு காரணத்தைச் சொன்னா, அனுமதி இல்லாம நுழைஞ்சதுக்காக அவங்களை தண்டிக்கக் கூடாதுன்னு அது சொல்லுது. ஏன் இப்படி எழுதினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, ஒருத்தன் எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடுறானோ அதே அரசாங்கத்து ஆபீஸ்ல போய் வரிசைல நின்னு பாஸ்போர்ட் வாங்கிட்டு வான்னு சொன்னா அவன் எங்க போவான்? இந்த ஒப்பந்தத்துல சேர்ந்த ஆறாவது நாடு ஆஸ்திரேலியா, 1954ல அவங்க சேர்ந்ததுக்கு அப்புறம்தான் ஒப்பந்தமே அமலுக்கு வந்துச்சு. அவங்க மேல யாரும் இதைத் திணிக்கலை.

சரி, வந்தவங்களை கொஞ்ச நாள் தடுத்து வச்சு யாரு, என்னன்னு விசாரிக்கிறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். உடம்பு டெஸ்ட் எடுக்கணும், அடையாளம் பாக்கணும், குற்றப் பின்னணி இருக்கான்னு பாக்கணும், எந்த நாடும் செய்யும். 1992ல பிரதமர் கீட்டிங் தலைமைல இருந்த லேபர் அரசு, கம்போடியாவுலேருந்து படகுல வந்தவங்களுக்காக கட்டாயக் காவல்னு சட்டம் போட்டப்போ அதுல 273 நாள்னு ஒரு உச்ச வரம்பு இருந்துச்சு. 1994ல அந்த வரம்பை எடுத்துட்டாங்க. எனக்கு இந்த முழு கதையிலயும் வயிறு எரியுற இடம் இதுதான். வரம்பு போனதும் கைதிக்கு இருக்குற நிம்மதி கூட இல்லாம போச்சு, கைதிக்கு என்னைக்கு வெளிய வருவோம்னு தெரியும், இவங்களுக்கு அது தெரியாது. 2004ல நாடே இல்லாத ஒரு பாலஸ்தீனரோட வழக்குல, அனுப்ப இடமே இல்லைன்னாலும் காலம் பூரா அடைச்சு வைக்கலாம்னு நாலுக்கு மூணுங்கிற கணக்குல ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னுச்சு (அங்க உச்ச நீதிமன்றத்துக்கே அதுதான் பேரு). அதை தப்புன்னு அதே ஹைகோர்ட் மாத்திச் சொல்ல 2023 நவம்பர் வரைக்கும் ஆச்சு, பத்தொம்பது வருஷம். அந்த தீர்ப்பால வெளிய வந்தவங்கள்ல சிலர் பெரிய குற்றம் செஞ்சு ஜெயில் தண்டனையை முழுசா முடிச்சவங்க, அதைக் காட்டித்தான் இப்ப நவுரு ஒப்பந்தம் போட்டிருக்காங்க.

கேள்வி (சிட்னியிலிருந்து ஒரு வாசகி): அக்கா, நானும் என் வீட்டுக்காரரும் ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை மூணு தடவை எழுதி, பாயிண்ட்ஸ் சேர்த்து, ஏழு வருஷம் கஷ்டப்பட்டு பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) வாங்கினோம். படகுல வந்தவங்களுக்கு சும்மா தூக்கிக் கொடுத்தா எங்க உழைப்புக்கு என்ன மரியாதை?

உங்க கோபம் எனக்குப் புரியுதும்மா, அந்த ஏழு வருஷமும் லேசான விஷயம் இல்ல, பார்ட்டைம் வேலை, பகிர்ந்துக்கிட்ட ரூம், ஒவ்வொரு தடவையும் விசா ரூல் மாறுறப்போ வர்ற பயம். ஆனா ரெண்டும் வேற வேற கவுண்ட்டர். நீங்க போனது ஸ்கில்டு மைக்ரேஷன், அந்த நாட்டுக்கு உங்க படிப்பு வேணும், அதுக்கு ஒரு கணக்கு. அகதிக்கு கொடுக்குறது மனிதாபிமானக் கணக்கு, அதுக்கு தனியா வருஷத்துக்கு இத்தனைன்னு இடம் இருக்கு, 2023-24லேருந்து அது 20,000. அவங்களுக்கு விசா கொடுத்ததால உங்க பாயிண்ட்ஸ்ல ஒண்ணு கூட குறையலை.

இன்னொண்ணு சொல்லணும். உங்களுக்கு பிஆர் கிடைக்காம போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? மனசு உடைஞ்சு சென்னைக்கு ஃப்ளைட் ஏறியிருப்பீங்க, அம்மா ஏர்போர்ட்டுக்கு வந்திருப்பாங்க. முல்லைத்தீவுலேருந்து 2012ல படகு ஏறின பையனுக்கு திரும்பிப் போறதுன்னா அது இல்ல. அவன் சொல்றது உண்மையான்னு விசாரிக்கட்டும், பொய்யா இருந்தா அனுப்பட்டும், அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஏழு வருஷம் காத்திருக்கிறது எவ்வளவு கொடுமைன்னு தெரிஞ்ச நீங்களே, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல முடிவு தெரியாம நிக்கிறவங்களுக்கு எதிரா பேசலாமா?

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): நீங்க ஒரு பக்கமாவே எழுதுறீங்க. படகு வர்றதை விட்டதாலதான் கடல்ல நூத்துக்கணக்குல செத்தாங்க. கெடுபிடி பண்ணின அப்புறம் சாவு நின்னுச்சு. இது கருணை இல்லையா?

எதிர்த்தரப்புல இருக்குறதுலயே கனமான வாதம் இதுதான், இதைத் தட்டிக் கழிச்சுட்டு நியாயம் பேச முடியாது. 2008லேருந்து 2013க்குள்ள ஆயிரம் பேருக்கு மேல அந்தக் கடல்ல போயிட்டாங்க. 2010 டிசம்பர் 15, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு, விடியக்காலைல புயல் அலைல ஒரு மரப்படகு பாறை மேல அடிச்சு உடைஞ்சுது, ஈரான், ஈராக் ஆளுங்க, குழந்தைங்க உட்பட. ஊர் ஜனங்க மேல பாறை விளிம்புல நின்னு லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டாங்க, காத்து அதைத் திருப்பி அவங்க மேலயே வீசுச்சு, கண்ணு முன்னாடி அம்பது பேர் செத்தாங்க. அதைப் பார்த்த எவனும் படகு வந்தா வரட்டும்னு சொல்ல மாட்டான், நானும் சொல்லலை.

ஆனா நிறுத்தினது எதுன்னு பாருங்க. 2012 ஆகஸ்ட்ல லேபர் பிரதமர் கில்லார்டோட அரசு நவுருலயும், பாப்புவா நியூ கினி நாட்டோட மானஸ் தீவுலயும் இருந்த முகாம்களை மறுபடி திறக்க முடிவு பண்ணின அப்புறம் படகு குறையலை, அதிகமாச்சு, 2013ல மட்டும் இருபதாயிரம் பேர் அளவுக்கு வந்தாங்க. 2013 செப்டம்பர்ல லிபரல் கட்சி அபட் பிரதமரா வந்து கடற்படையை வச்சு படகைத் திருப்பி விட ஆரம்பிச்ச அப்புறம்தான் நின்னுச்சு. அதாவது தடுத்தது கடல்ல நின்ன கப்பல். தீவுல அடைச்சு வச்சிருந்த மனுஷங்களால எதுவும் தடுக்கப்படலை, ஆனா அவங்களை அதுக்கப்புறமும் அஞ்சு வருஷம், ஆறு வருஷம், சில பேரை எட்டு வருஷம் விடலை. 21 சதுர கிலோமீட்டர் தீவு அது, வண்டில சுத்தினா அரை மணி நேரத்துல முடிஞ்சு போகும். இனிமே வரப்போற யாரோ ஒருத்தனுக்குப் பாடம் சொல்ல, ஏற்கனவே வந்த இவனோட வாழ்க்கையை எடுத்து சுவத்துல போஸ்டரா ஒட்டுறதை நான் எந்தக் காலத்துலயும் கருணைன்னு ஒத்துக்க மாட்டேன்.

உயிரைக் காப்பாத்தத்தான் இதெல்லாம்னு சொல்ற அதே ஏற்பாட்டுல செத்தவங்களும் இருக்காங்க. மானஸ் தீவு முகாம்ல 24 வயசு ஈரான் பையன், 2014 ஆகஸ்ட்ல காலுல சின்ன புண்ணு, அது சீழ் வச்சு இரத்தத்துல ஏறுது. அங்க இருந்த டாக்டர் உடனே வெளிய அனுப்பணும்னு எழுதுறார், அதுக்கு ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுல இருக்குற ஆபீஸ் அனுமதி தரணும், அனுமதி நேரத்துக்கு வரலை, அன்னைக்குச் சாயங்கால விமானம் போயிடுச்சு. மறுநாள் பாப்புவா நியூ கினி தலைநகர் போர்ட் மோர்ஸ்பி கொண்டு போய், அப்புறம் பிரிஸ்பேன் கொண்டு போயும் பிழைக்கலை. இந்த சாவைத் தடுத்திருக்க முடியும்னு குயின்ஸ்லாந்து மரண விசாரணை அதிகாரி 2018ல தீர்ப்பு எழுதினார். ஒரு ஆன்டிபயாடிக், ஒரு ஃப்ளைட் சீட், ஒரு கையெழுத்து.

படகைத் திருப்பி விடுறதுலயும் ஒரு பயம் எனக்கு உண்டு. 2014 ஜூலைல இலங்கைலேருந்து வந்த 41 பேரை நடுக்கடல்லயே கேள்வி கேட்டு முடிச்சு, மட்டக்களப்புக்கு அப்பால இலங்கைக் கடற்படை கைல ஒப்படைச்சாங்க. யாருக்குப் பயந்து போனாங்களோ அவங்க கைலயே. வக்கீல் இல்ல, அப்பீல் இல்ல. அதே மாசம் புதுச்சேரியிலேருந்து கிளம்பின 157 தமிழர்களை கிட்டத்தட்ட ஒரு மாசம் கஸ்டம்ஸ் கப்பலுக்குள்ள வெச்சிருந்தாங்க, குழந்தைங்களும் சேர்த்து, கடைசில நவுரு.

கேள்வி (மதுரை வாசகர்): ஐ.நா. அலுவலகத்துல பதிவு பண்ணி வரிசைல வரலாமே?

உலகத்துல இருக்குற அகதிகள்ல வருஷத்துக்கு நூத்துல ஒருத்தருக்குக் கூட அப்படி வேற நாட்டுல குடியேற இடம் கிடைக்கிறதில்ல. இந்தோனேசியால அப்படி பதிவு பண்ணி உக்காந்திருந்தவங்க இருந்தாங்க, 2014 ஜூலை 1க்கு அப்புறம் அங்க பதிவு பண்ணினவங்களை எடுக்க மாட்டோம்னு ஆஸ்திரேலியா அதே வருஷம் அறிவிச்சுடுச்சு. வரிசைல வான்னு சொன்னவங்களே வரிசையை மூடிட்டாங்க சார்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): அந்த நாட்டு சாதாரண ஜனங்க இதை எப்படிப் பாக்குறாங்க? எல்லாருமே எதிரிங்களா?

கண்டிப்பா இல்லம்மா. ஆனா தேர்தல்ல இது ஓட்டு வாங்கித் தர்ற விஷயம்னு கட்சிங்க 2001லயே கத்துக்கிட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல டாம்பான்னு ஒரு நார்வே சரக்குக் கப்பல், மூழ்கப்போன படகுலேருந்து 433 பேரைக் காப்பாத்துச்சு, பெரும்பாலும் தலிபானுக்குப் பயந்து ஓடி வந்த ஆப்கானிஸ்தான் ஹசாரா மக்கள். கப்பலை கரைக்கு வர விடாம ராணுவத்தை அனுப்பினார் பிரதமர் ஹோவர்ட். எங்க நாட்டுக்கு யாரு வரணும், எப்படி வரணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்னு அந்தத் தேர்தல்ல பேசினார், நவம்பர்ல ஜெயிச்சார். அதுலேருந்து லேபர் கட்சியும் இந்த விஷயத்துல பயந்து பயந்துதான் நடக்குது, 2013 ஜூலைல படகுல வந்த எவனும் என்னைக்கும் ஆஸ்திரேலியால குடியேற முடியாதுன்னு சொன்னதே லேபர் பிரதமர் ரட்தான்.

மறுபக்கம் பிலோயீலா இருக்கு. குயின்ஸ்லாந்துல உள்ளடங்கின சின்ன ஊர், மாட்டுப் பண்ணை, நிலக்கரி சுரங்கம், இறைச்சி ஃபேக்டரி, அவ்வளவுதான். நம்ம ஈழத்துக் குடும்பம் ஒண்ணு அங்க இருந்துச்சு, புருஷன் இறைச்சி ஃபேக்டரில வேலை, அந்த மண்ணுலயே பொறந்த ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. 2018 மார்ச்ல ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி வந்து கதவைத் தட்டி, மனைவியோட விசா முந்தின நாளே முடிஞ்சுதுன்னு சொல்லி எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ராத்திரி விமானத்துல ஏத்தி இலங்கைக்கு அனுப்புறாங்க, விமானம் வானத்துல இருக்கும்போதே நீதிபதி தடை போட்டு டார்வின்ல இறக்கினாங்க, அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு. பெரிய தடுப்பு முகாம்ல அந்த ஒரே குடும்பம், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். நாலு வயசு ஆகாத சின்னப் பொண்ணுக்கு இரத்தத்துல கிருமி ஏறி பெர்த் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போன அப்புறம்தான், 2021 ஜூன்ல, தீவை விட்டு வெளிய வந்தாங்க.

இதுல ஊர்க்காரங்க செஞ்சதை நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்கணும். காலம் காலமா கன்சர்வேடிவ் கட்சிக்கு ஓட்டுப் போடுற ஊர் அது. அங்க இருந்த பெண்கள், தெரு முனைல பாத்தா சிரிச்சுப் பேசுற பழக்கம் மட்டும் இருந்தவங்க, நாலு வருஷத்துக்கு மேல விடாம மனு எழுதினாங்க, டிவில பேசினாங்க, பிள்ளைங்க பொறந்த நாளுக்கு ஊர்ல கேக் வெட்டினாங்க. இவங்க அகதி இல்லைன்னு கோர்ட்டு வரைக்கும் தீர்ப்பு வந்தாச்சேன்னு மந்திரிங்க சொன்னப்போ, எங்களுக்கு சட்டப் பிரிவு தெரியாது, அவங்க எங்க ஊர்க்காரங்க, திருப்பிக் கொடுங்கன்னு நின்னாங்க. 2022 மே மாசம் ஆட்சி மாறுச்சு, ஜூன்ல குடும்பம் ஊருக்குத் திரும்புச்சு, ஆகஸ்ட்ல நிரந்தர விசா. இதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் கண்ணு கலங்குது.

கேள்வி (கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு வாசகர்): அக்கா, ஆஸ்திரேலியாவைப் பத்தி பக்கம் பக்கமா எழுதுறீங்க, சந்தோஷம். நான் இங்கயே பொறந்தேன், டிகிரி முடிச்சுட்டேன், இன்னும் எனக்கு எந்த நாடும் இல்ல. எங்களைப் பத்தி யாரு எழுதுவா?

தம்பி, உங்க கேள்விக்கு தலை நிமிர்ந்து பதில் சொல்ற நிலைமைல நாங்க யாரும் இல்ல. இந்தியா 1951 ஒப்பந்தத்துல சேரவே இல்ல, அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் கிடையாது, அதனால உங்க அப்பா அம்மா 1990ல ராமேஸ்வரம் கரைல இறங்கினாலும் சட்டத்தோட கண்ணுக்கு பேப்பர் இல்லாம வந்த வெளிநாட்டவர்தான். 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்த மண்ணுல பொறந்தவங்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு, மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு பெண்மணி சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போய் 2022ல பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினது அதை வச்சுத்தான். அதுக்கு அப்புறம் பொறந்த உங்களுக்கு அந்தக் கதவும் இல்ல. 2019 குடியுரிமை திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டுக்கு மட்டும், இலங்கையை சேர்க்கலை. முகாமுக்கு மறுவாழ்வு முகாம்னு பேரு மாத்தி, வீடு கட்டித் தர்றது தமிழ்நாடு அரசு செஞ்ச நல்ல காரியம்தான், ஆனா குடியுரிமை டெல்லி கைல. 2025 செப்டம்பர்ல வந்த மத்திய அரசு உத்தரவு, 2015 ஜனவரி 9க்குள்ள வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர் மேல பேப்பர் இல்லைன்னு தண்டனை நடவடிக்கை எடுக்கறதில்லைன்னு சொல்லுது. பயம் கொஞ்சம் குறையும், உரிமை வராது. இந்தியா சத்திரம் இல்லைன்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒண்ணு ஒரு இலங்கைத் தமிழர் வழக்குல வாய்மொழியா சொன்னப்போ, முகாம்களுக்குள்ள மட்டும் இருக்குற அம்பதாயிரத்துக்கும் மேலான பேர் இதைக் கேட்டு என்ன நினைச்சிருப்பாங்கன்னு எனக்குத் தூக்கம் வரலை. ஆஸ்திரேலியா பன்னிரண்டு வருஷத்துக்கு மேல காக்க வச்சதுக்கு நான் இவ்வளவு கோபப்படுறேன், நாம நாப்பது வருஷமா காக்க வச்சிருக்கோம். உங்க முகாம் அனுபவத்தை நீங்களே எழுதி அனுப்புங்க, நம்ம பத்திரிகைல போடறதுக்கு ஆசிரியர்கிட்ட நான் பேசறேன்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): குறை சொல்றது சுலபம். நீங்க சொல்ற மனிதாபிமான பாலிசி நடைமுறைல எப்படி இருக்கும்?

புதுசா கண்டுபிடிக்க ஒண்ணும் இல்ல, ஆஸ்திரேலியாவே ஒரு தடவை செஞ்சு காட்டினதுதான். வியட்நாம் போர் முடிஞ்சு 1976ல டார்வின் துறைமுகத்துக்கு முதல் படகு வந்துச்சு. ஃப்ரேசர்னு லிபரல் பிரதமர், வலதுசாரிக் கட்சிக்காரர்தான். அவர் அதிகாரிங்களை மலேசியா மாதிரி நாடுகள்ல இருந்த முகாம்களுக்கே அனுப்பி, அங்கயே விசாரிச்சு, தகுதி இருக்குறவங்களை விமானத்துல கூட்டிட்டு வந்தார், பல பத்தாயிரம் பேர். நேரா படகுல வந்தவங்க அஞ்சாறு வருஷத்துல ரெண்டாயிரம் பேர் அளவுதான். பத்திரமான வழி ஒண்ணு திறந்திருந்தா உயிரைப் பணயம் வைக்க எவனுக்கும் ஆசை இருக்காது.

அதோட எனக்கு முக்கியமா படுறது நேரக் கெடு. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அதுக்குள்ள முடிவு சொல்லணும், அதுவரைக்கும் வேலை செய்ய விடணும், பிள்ளைங்களை அடைக்கவே கூடாது, பெரியவங்களைத் தடுத்து வச்சா நீதிபதி முன்னாடி அடிக்கடி காரணம் சொல்லணும். சீக்கிரம்னா அவசரம் இல்ல. 2012 ஆகஸ்ட்லேருந்து 2013 கடைசி வரைக்கும் வந்தவங்களுக்கு ஃபாஸ்ட் ட்ராக்னு ஒரு முறை வச்சாங்க, அதுல மனு போடவே பல வருஷம் விடலை, போட்டா பெரும்பாலும் நேர்ல கேக்காம பேப்பரை மட்டும் பாத்து அப்பீலைத் தள்ளினாங்க. சரியில்லைன்னு 2024ல கலைச்சுட்டாங்க. 2023ல தற்காலிக விசால இருந்த 19,000 பேர் அளவுக்கு நிரந்தரத்துக்கு வழி விட்டாங்க, அதுக்கு லேபர் அரசைப் பாராட்டணும். ஆனா அந்தக் கோளாறான முறைல நிராகரிக்கப்பட்ட பல ஆயிரம் பேர், அதுல நம்ம தமிழர் நிறைய, இன்னும் பிரிட்ஜிங் விசாங்கிற இடைக்கால அனுமதிலயே நிக்கிறாங்க. அங்கயே ஸ்கூல் முடிச்ச அவங்க பிள்ளைங்க யுனிவர்சிட்டி போகணும்னா வெளிநாட்டு மாணவர் ஃபீஸ் கட்டணும். முறை தப்புன்னு ஒத்துக்கிட்டா அந்த முறைல வந்த முடிவை மறுபடி பாக்கணும் இல்லையா?

கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு வாசகி): என் தம்பி மெல்பர்ன்ல அப்படித்தான் 2013லேருந்து இருக்கிறான். ஒரு ஆள் 8,000 டாலர் தந்தால் மந்திரியிடம் சொல்லி விசா எடுத்துத் தாறன் எண்டு சொல்றாராம். குடுக்கலாமா அக்கா?

குடுக்காதீங்க தங்கச்சி, இன்னைக்கே போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க. மந்திரி தலையிட்டு விசா கொடுக்குற அதிகாரம் சட்டத்துல இருக்கு, ஆனா கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, வாங்கித் தர்றேன்னு எவனும் வாக்கு கொடுக்க முடியாது. அந்த ஆள் வக்கீலா, இல்ல பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்டான்னு முதல்ல பாருங்க, ஏஜென்ட்னா பதிவு எண் இருக்கும், அரசாங்க வெப்சைட்லயே தேடிப் பாக்கலாம், எண்ணைக் கேட்டதும் மழுப்பினா அதோட பேச்சை முடிச்சுக்கச் சொல்லுங்க. மெல்பர்ன்ல ரெஃப்யூஜி லீகல், அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர் ரெண்டும் காசு வாங்காம உதவுற இடம், கூட்டம் அதிகம், பொறுமையா திரும்பத் திரும்ப போன் பண்ணணும். போறதுக்கு முன்னாடி தம்பி தன்னோட முதல் இன்டர்வியூ பதிவு, நிராகரிச்ச கடிதம், கோர்ட் உத்தரவு எல்லாத்தையும் தேதி வரிசைல ஒரு ஃபைல்ல வைக்கட்டும். அந்த நிராகரிப்புக்கு அப்புறம் ஊர்ல நடந்தது ஏதாவது இருந்தா, வீட்டுக்கு யாராவது வந்து விசாரிச்சிருந்தா, நீங்க நாள், நேரம் போட்டு எழுதி அவருக்கு அனுப்புங்க, வக்கீல் முதல்ல கேக்கப்போறது அதைத்தான்.